அம்புலிமாமா சங்கர்: பினாங்கிலிருந்து சில நாட்குறிப்புகள்

2020 செப்டம்பர் 30, புதன்

அம்புலிமாமா சிறுவர் இதழின் ஓவியர் சங்கர் நேற்று சென்னையில் காலமாகிவிட்டார். செய்தி கைப்பேசியில் வந்தபோது நான் லெபோ பினாங்கில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். பாடகர் எஸ்.பி.பி. மறைந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தத் தெருவில் அவர் குரல்தான். துணிக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை, எங்கே நுழைந்தாலும் அவர் பாட்டு. அந்தப் பெரிய துக்கத்துக்கு நடுவே சங்கரின் மரணம் யார் காதிலும் விழவில்லை.

பூக்கடை அண்ணனிடம் சொன்னேன். "எந்த சங்கர்?" என்று கேட்டார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கையில் வாள், தோளில் பிணம், தரையெல்லாம் மண்டையோடு, நடுவில் நடந்து போகும் ராஜா.

"அட, வேதாளம்! இத வரைஞ்சவரா? இன்னிக்கு வரைக்கும் இருந்தாரா?" கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்துக் கடை அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். அக்காவுக்கும் பெயர் தெரியவில்லை, படம் தெரிந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. இத்தனை பேர் தலைக்குள் குடியிருந்த மனிதரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன். ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் 1924இல் பிறந்தவர். சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, ஓவியக் கல்லூரியில் படித்து, 1946இல் கலைமகள் இதழில் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாகி ரெட்டியின் அம்புலிமாமாவுக்குப் போனார். போனவர் சுமார் அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார்.

அக்டோபர் 1, வியாழன்

இரவு கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அண்ணன் அழைத்தான். அவன் காவடி கட்டுகிறவன். "எனக்கு கிரீடம் வரையச் சொல்லிக் குடுத்தது அவருதான், தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

பட்டர்வொர்த்தில் பெரியப்பா வீட்டில் அம்புலிமாமா ஆண்டு வாரியாக பைண்ட் செய்து அடுக்கியிருக்கும். பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். புத்தகத்தை யாருக்கும் இரவல் தர மாட்டார். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அண்ணன் வெள்ளைத்தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, அது கண்ணாடி மாதிரி ஆனதும் படத்தின் மேல் வைத்து பென்சிலால் ஒற்றி எடுப்பான். ஒற்றிய இடத்தில் எண்ணெய் இறங்கி, பல பக்கங்களில் இன்னும் மஞ்சள் திட்டு இருக்கிறது. பெரியப்பா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு கட்டு டிரேசிங் தாள் வாங்கி வைத்திருந்தார்.

இன்றைக்கும் அண்ணன் கட்டும் காவடிகளில் முருகன் தலையிலிருக்கும் கிரீடம் அம்புலிமாமா கிரீடம்தான். அடுக்கடுக்காக மேலே குறுகி, காதோரம் ஒரு பூவோடு முடியும். பத்துமலையில் அதைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அக்டோபர் 4, ஞாயிறு

காலையில் சௌரஸ்தா மார்க்கெட் போனேன். மாடியில் பழைய புத்தகக் கடைகள் திறந்திருந்தன, கூட்டமில்லை. வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு, முகக்கவசத்தோடு தூசியைக் கிளறுவது பெரிய பாடு. வழக்கமான கடை பாய், "தமிழ் புக்கா? எல்லாம் ஸ்கூல் புக்குதாம்மா இருக்கு" என்றவர், கொஞ்சம் யோசித்து, மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தார். உள்ளே வார இதழ்கள், ஜோசியப் புத்தகம், அடியில் அட்டை கிழிந்த சில அம்புலிமாமாக்கள். எண்பதுகளில் வந்தவை. ஸ்டேபிள் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பாக இறங்கியிருந்தது. பாய் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன்.

மதியம் முழுக்க ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதாளக் கதை இல்லை. வெளியூர் போன வியாபாரி ஊர் திரும்பும் சாதாரணக் கதை. படத்தின் மூலையில் சங்கரின் கையெழுத்து. வியாபாரி நடுவில் நிற்கிறார், ஆனால் என் கண் போனது இடது ஓரத்துக்கு. திண்ணையில் ஒரு கிழவி அரிசி புடைக்கிறாள். முறத்தின் பின்னல் ஒவ்வொன்றும் தெரிகிறது. முறத்தைப் பிடித்த கையில் கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் அடியிலும் இருக்கின்றன. அரிசியை மேலே எழுப்பும் அந்த நொடியில் மணிக்கட்டு எப்படி மடங்குமோ அப்படியே மடங்கியிருக்கிறது. புடைத்துப் பழகியவர்களுக்குத்தான் அது சரி என்று தெரியும். கிழவிக்குக் கதையில் ஒரு வசனம்கூடக் கிடையாது. இரண்டு பக்கம் தள்ளி அதே திண்ணை வேறு கோணத்தில் வருகிறது. தூண் அதே தூண், சுவரில் சாய்த்த உலக்கை அதே இடத்தில்.

கோட்டைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். உடலின் வெளிக்கோடு தடித்து மெலிந்து ஓடுகிறது. வேட்டி மடிப்பு மெல்லிய கோடு. நிழல் வேண்டிய இடத்தில் அருகருகே சாய்வுக் கோடுகள். மலிவுத் தாளில் சாம்பல் பூச்சு கலங்கிப் போகும், கோடு நிற்கும். அச்சுக்கூடம் தெரிந்த கை.

எனக்கு இன்று ஒன்று உறுதியானது. வேதாளத்தை நாம் நம்பியதற்குக் காரணம் வேதாளம் இல்லை. அந்தக் கிழவியின் முறம்தான். ஊரும் திண்ணையும் மாடும் குடமும் அத்தனை சரியாக இருக்கும்போது, அதே கை வரைந்த மயானமும் சரியாகத்தான் இருக்கும் என்று குழந்தை மனது எடுத்துக்கொள்கிறது. மாயக்கதைக்குப் படம் போடுகிறவர்கள் பலர் பூதத்துக்கு உழைத்துவிட்டு, பூதம் நிற்கும் தரையை விட்டுவிடுகிறார்கள். சங்கர் தரையிலிருந்து ஆரம்பித்தார்.

அக்டோபர் 7, புதன்

ஒரு சின்னக் குறிப்பு. சங்கர் படித்த காலத்தில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அந்தச் சிலையில் முதுகுத் தசையும் கெண்டைக்காலும் எப்படி முறுக்கேறி நிற்கின்றன! அப்படிப்பட்டவர் நடத்திய கல்லூரியில் பயின்ற கைதான் விக்கிரமாதித்தனின் நடையையும் வரைந்தது. தோளில் பாரம் இருக்கிறது என்பதை அந்த உடம்பே சொல்லும்.

அக்டோபர் 11, ஞாயிறு

நான் நடத்தும் ஓவிய வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் தமிழ்ப்பள்ளி, நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை. இடைவெளி விட்டு உட்கார வைத்தேன். இவர்கள் கைக்குப் பழக்கமானவை ஜப்பானியக் கதாபாத்திரங்கள்: பெரிய கண், கூர்மையான முடி. அதில் தப்பே இல்லை, நானும் ரசிக்கிறேன். வேதாளப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

முதலில் கேட்டது ஐந்தாம் ஆண்டுப் பையன். "டீச்சர், பேய் முதுகுல இருக்கு, ராஜா ஏன் பயப்படல?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். கதையைச் சொன்னேன். வாயைத் திறந்தால் பிணம் மரத்துக்குப் போய்விடும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்றதும் வகுப்பே கப்சிப். அப்புறம் படத்தைக் காட்டிப் பேசினோம். வேதாளத்துக்கு நீளமான வெள்ளை முடி, எலும்பு தெரியும் உடம்பு. ராஜாவின் முகத்திலோ கலக்கமே இல்லை. பயமெல்லாம் அவரைச் சுற்றி இருக்கிறது. இருட்டில், மண்டையோட்டில், மரத்தில். பயத்தை அவர் முகத்தில் வரைந்திருந்தால் பார்க்கிற பிள்ளை ஓடியிருக்கும். முகம் அமைதியாக இருப்பதால் கூடவே நடக்கிறது. நான் சின்ன வயதில் அப்படித்தான் கூட நடந்தேன், பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு.

ஒரு பெண் மட்டும் ராஜாவை விட்டுவிட்டு அவர் பாதத்தை மட்டும் மறுபடி மறுபடி வரைந்துகொண்டிருந்தாள். பேச்சுக் குறைவு. கவனிக்க வேண்டிய பிள்ளை.

நவம்பர் 15, ஞாயிறு

நேற்று தீபாவளி. கொரோனா கட்டுப்பாடு மறுபடி வந்துவிட்டதால் அண்ணன் வர முடியவில்லை. வீடியோவில் முறுக்கைக் காட்டிக்கொண்டோம். பிறகு அவன் பெரியப்பாவின் தொகுப்புகளைக் கேமரா முன் பிரித்தான். அவை இப்போது செந்தூலில் அவனிடம்தான் இருக்கின்றன.

வழக்கமான சண்டையும் வந்தது. அவனுக்கு அம்புலிமாமாவின் இன்னொரு ஓவியர் சித்ராதான் உசத்தி. தாசரி சுப்ரமணியத்தின் தொடர்கதைகளுக்குச் சித்ரா வரைந்த அரக்கர்களும் விசித்திர மிருகங்களும் வேறு எங்கும் பார்க்க முடியாதவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சித்ராவின் உலகத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். சங்கரின் உலகத்தில் குடியிருக்கலாம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

பாகான் டத்தோ பக்கத்துத் தெலுங்குத் தோழி ஒருத்தி வாழ்த்துச் சொல்ல அழைத்தவள், சங்கர் பேச்சு வந்ததும் தன் பாட்டி வைத்திருந்த சந்தமாமாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். அவள் தெலுங்கில் படித்தாள், நான் தமிழில். என் பழைய அலுவலக நண்பர் அம்பிளி அம்மாவன் என்று மலையாளத்தில் படித்தவர். எழுத்து மாறியது, படம் ஒன்றுதான். எந்த ராஜாவைச் சொன்னாலும் மூன்று பேர் மனதிலும் ஒரே மீசை வருகிறது. இந்தப் பரப்பு வேறு எந்த ஓவியருக்குக் கிடைத்தது?

2021 ஜனவரி 26, செவ்வாய்

நேற்று பத்ம விருதுப் பட்டியல் வந்தது. எஸ்.பி.பி.க்கு பத்ம விபூஷண், சங்கருக்கு பத்மஸ்ரீ. இருவருக்கும் மறைவுக்குப் பிறகு. அண்ணன் செய்தியை அனுப்பி, கீழே ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. 1924இல் பிறந்த மனிதர் 2020 வரை இருந்தார். அறுபது ஆண்டு வேலை கண்முன்னே இருந்தது. தொண்ணூறு வயதில் மேடையில் ஏற்றியிருந்தால் அந்தப் பூக்கடை அண்ணனுக்கும் பெயர் தெரிந்திருக்கும். ஓவியர் என்றால் கண்காட்சி வைத்தவர் என்றும், பத்திரிகைக்கு வரைகிறவர் ஏதோ கீழ்ப்படி என்றும் நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்புதான் விருதை இத்தனை தாமதமாக்கியது என்பது என் எண்ணம். அரசு தாமதித்தது மட்டுமில்லை, ரசிகர்களான நாமும் உரக்கச் சொல்லவில்லை.

நாளை மறுநாள் தைப்பூசம். ரத ஊர்வலம் இல்லை, காவடியும் இல்லை. அண்ணன் கட்டி முடித்த கிரீடத்தை அடுத்த வருடத்துக்குப் பத்திரப்படுத்திவிட்டதாகச் சொன்னான்.

வகுப்பு இப்போது கைப்பேசி வழியாகத்தான். பாதம் வரைந்த அந்தப் பெண் இன்று ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். விக்கிரமாதித்தன் பினாங்கு ஃபெரியிலிருந்து இறங்குகிறார், தோளில் வேதாளம். பக்கத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், ஹெல்மெட் கைப்பிடியில் தொங்குகிறது. பக்கவாட்டுக் கண்ணாடி, செருப்பு, பின்னால் கட்டிய காய்கறிப் பை எல்லாம் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகச் சேர்த்திருக்கிறாள். ராஜாவின் இடது கால் மட்டும் பலகையில் ஊன்றாமல் மிதக்கிறது. பாரம் அந்தக் காலில்தான் இறங்க வேண்டும். நாளை மாலை அழைத்து, முதலில் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.