எத்தனால் இல்லாத பெட்ரோல்: பங்கிலிருந்து பழைய கப் விமானத்தின் டேங்க் வரை

பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய அமெரிக்கச் சிறு விமானத்தில் பெட்ரோல் மீட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. எஞ்சினுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் 12 கேலன் டேங்க். அதன் மூடியைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி நிற்கும், கம்பியின் அடியில் ஒரு தக்கை. பெட்ரோல் குறையக் குறையத் தக்கையும் கம்பியும் இறங்கும். வெளியே எவ்வளவு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொள்வதுதான் கணக்கு. தக்கை ஊறிவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் அதன் மேல் அரக்கு வார்னிஷ் பூசுவார்கள். மேசைக்குப் பாலிஷ் போடும் தச்சர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். ஸ்பிரிட் என்றால் ஆல்கஹால், எத்தனாலும் அதே சாதி. பூச்சு கரைந்தால் தக்கை ஊறி அமிழ்ந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதுகூடப் போகட்டும். கரைந்த அரக்கு கீழே போய் வடிகட்டிச் சல்லடையில் பிசினாக ஒட்டிக்கொள்வதுதான் எஞ்சினை நிறுத்தும்.

இது கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாத கேடு தண்ணீர். சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அடியில் தங்கும். பறப்பதற்கு முன் வடிகுழாயைத் திறந்து பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 10 சதவீதம் எத்தனால் உள்ள இ10 பெட்ரோலோ, சுமார் 15 டிகிரி வெப்பத்தில் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். 12 கேலனுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய கால் லிட்டர். தரையில் வடித்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். மேலே போய்க் குளிர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் கிளம்புகிறது.

சரி, விமான நிலையத்தில் கிடைக்கும் 100எல்எல் என்ற ஏவ்கேஸையே, அதாவது விமானப் பெட்ரோலையே, ஊற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஊற்றலாம், சட்டப்படி தடையும் இல்லை. ஆனால் இந்த விமானத்தின் கான்டினென்டல் ஏ-65 எஞ்சின் 65 குதிரைத்திறன், 6.3க்கு 1 கம்ப்ரெஷன். 73 ஆக்டேன் போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. பிறகு வந்த சிவப்பு நிற 80/87 ஏவ்கேஸில் லிட்டருக்கு அதிகபட்சம் 0.14 கிராம் ஈயம். நீல நிற 100எல்எல்லில் 0.56 கிராம் வரை. பெயரில்தான் ‘ஈயம் குறைவு’, பழைய 80ஐவிட நாலு மடங்கு. சிவப்புப் பெட்ரோல் சந்தையிலிருந்து போனபிறகுதான் இந்தத் தலைவலி தொடங்கியது. சூடு அதிகம் ஏறாத சின்ன எஞ்சினில் ஈயம் முழுதாக எரிந்து வெளியேறாது. கீழ்வரிசை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினால் சாம்பல் நிறத்தில் சிறு மணிகளாக உதிரும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டிலும் அதே படிவு சேர்ந்து, குளிர்ந்த காலையில் வால்வு சிக்கும். எனவே ஈயமும் இல்லாத, எத்தனாலும் இல்லாத கார் பெட்ரோல்தான் இவற்றுக்கு ஏற்றது. விமானக்காரர்கள் அதை மோகேஸ் என்பார்கள்.

முதலில் காகித வேலை. தொழிற்சாலைச் சான்றுள்ள விமானத்தில் மோகேஸ் ஊற்ற, அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட எஸ்.டி.சி. என்ற துணை அனுமதி வேண்டும். சோதனை விமானச் சங்கமான இ.ஏ.ஏ. 1982இல் செஸ்னா 150க்கு வாங்கியதில் தொடங்கி, அவர்களும் பீட்டர்சன் ஏவியேஷன் நிறுவனமும் ஏராளமான பழைய விமானங்களுக்கு இதை வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என இரண்டு அனுமதி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஊற்றக்கூடாது. விலையை எஞ்சினின் குதிரைத்திறனை வைத்துச் சொல்வதால் 65 குதிரைக்குப் பெரிய செலவில்லை. டேங்க் வாய்க்குப் பக்கத்தில் ஒட்ட ஸ்டிக்கர் தருவார்கள். ஆய்வு உரிமையுள்ள மெக்கானிக் 337 படிவத்தில் கையெழுத்திட்டு லாக்புக்கில் பதிய வேண்டும். கப், சாம்ப், செஸ்னா 140 போன்ற மேல்சிறகு விமானங்களுக்கு அநேகமாக வேறு வேலை இருக்காது; பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி வருகிறது. சில தாழ்சிறகுப் பைப்பர்களுக்குப் பம்பையே மாற்றினால்தான் அனுமதி. வீட்டில் கட்டிய விமானங்களுக்கு எஸ்.டி.சி. தேவையில்லை. எது எப்படியானாலும் எத்தனாலுக்கு இந்த அனுமதிகளில் இடமில்லை.

கையோடு கையாக கார்புரேட்டரையும் திறந்து பாருங்கள். ஸ்ட்ராம்பர்க் என்ஏ-எஸ்3 கார்புரேட்டரில் நியோபிரீன் முனையுள்ள ஊசி இருந்தால், கார் பெட்ரோலில் அது வீங்குகிறது என்ற புகார் பழசு. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஊசி போட்டுவிட்டால் நிம்மதி. வடிகட்டிக் கிண்ணத்தின் தக்கை கேஸ்கெட், பழைய ரப்பர் குழாய் இரண்டையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இனி தேடல். எத்தனால் இல்லாத 87 ஆக்டேன் பெட்ரோல் ஏன் அரிது என்பது புரிந்தால் தேடுவது எளிது. எத்தனால் தண்ணீரை இழுப்பதால் அதைப் பெட்ரோல் குழாய்வழியில் அனுப்புவதில்லை. ஆக்டேன் குறைந்த அடிப்படைப் பெட்ரோல், சுமார் 84, டெர்மினல் என்ற பெட்ரோல் கிடங்குக்கு வரும். அங்கே லாரியில் ஏற்றும்போது 10 சதவீதம் எத்தனால் சேர்க்கும்போதுதான் அது 87 ஆகிறது. எத்தனாலை விட்டுவிட்டால் 87 இல்லை. அதனால் சுத்தப் பெட்ரோல் பெரும்பாலும் பிரீமியம் வடிவத்தில், 90 அல்லது 91 எண்ணோடு கிடைக்கிறது. இந்த எண் நம்மூர்ப் பங்கில் போடும் ஆர்.ஓ.என். கிடையாது; அது ஒரே சோதனையில் எடுக்கும் ஆக்டேன் எண். அமெரிக்காவில் இரண்டு சோதனைகளின் சராசரியை மஞ்சள் வில்லையில் ஒட்டுவார்கள். அவர்கள் 87 நம் கணக்கில் 91, 92 வரும். எஸ்.டி.சி. கேட்கும் குறைந்தபட்சம் அந்த 87தான். 91 ஊற்றுவதால் ஏ-65க்குக் கூடுதல் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

படகு, பனிவண்டி, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே பெட்ரோல்தான் தேவை. எனவே ஏரிக்கரை ஊர்களில் தேடுங்கள். மினசோட்டாவில் எத்தனால் கலப்பது சட்டம். ஆனால் பழங்கால வாகனம், படகு, பனிவண்டி, சிறு எஞ்சின்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பம்பில் அப்படியே எழுதி ஒட்டியிருப்பார்கள். விஸ்கான்சினில் க்விக் டிரிப், கிராமப்புறக் கூட்டுறவு கெனெக்ஸ் பங்குகளில் கேட்கலாம். ஃபுளோரிடாவில் ரெக்-90 என்ற பெயரில் படகுத் துறைகளில் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் தேடி அலைய வேண்டாம், நூறு மைல் ஓட்டினாலும் கை வெறுங்கை. இணையத்தில் ஊர்வாரியான பட்டியல் உண்டு. வாடிக்கையாளர்களே எழுதுவதால் போகுமுன் ஒரு போன் போடுங்கள். “எத்தனால் இல்லையே?” என்று கேட்டால் கல்லாவில் இருக்கும் பையன் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வான். கடைசி லாரியின் லோடிங் பில்லைப் பார்க்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். டெர்மினலில் தரும் அந்தச் சீட்டில் எத்தனால் அளவு இருக்கும். பம்பில் ‘எத்தனால் உண்டு’ என்ற அறிவிப்பு இல்லாததை மட்டும் நம்பாதீர்கள், எல்லா மாநிலத்திலும் அது கட்டாயமில்லை.

பங்கில் ஆளை ஏமாற்றுவது ஹோஸ். ஒரே ஹோஸில் மூன்று ரகமும் வரும் பம்பானால், முன்னால் நின்றவர் பிடித்த இ10 உள்ளே கால் கேலனுக்கு மேல் நிற்கும். 5 கேலன் கேனில் அது விழுந்தால் அரை சதவீத எத்தனால் உறுதி. முதல் ஒரு கேலனை உங்கள் காருக்குப் போட்டுவிட்டு, நாஸிலை வைக்காமல் கேனுக்கு மாற்றுங்கள். தனி ஹோஸ் இருந்தால் இந்தக் கவலை இல்லை. கேனைத் தரையில் வைத்து, நாஸில் கேனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் வடிய வழியில்லாமல் தீப்பொறி பறக்கும். வண்டியில் வைத்தபடி நிரப்பித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. முழுதாக நிரப்பாமல் விரிய இடம் விடுங்கள். கேலன் 6 பவுண்டு, எனவே 5 கேலன் கேன் 30 பவுண்டு. இரண்டு கேனுக்கு மேல் தூக்கினால் இடுப்பு சொல்லும்.

இப்போது சோதனை. ஒவ்வொரு கேனுக்கும், ஒவ்வொரு முறையும். 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாயில் சரியாக 10 மில்லி தண்ணீர். அதில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டால் எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும்; அந்த நிறம் தண்ணீரில் மட்டும்தான் கரையும். மீதி 90க்குப் பெட்ரோல். மூடி, நன்றாகக் குலுக்கி, மூடியை ஒருமுறை திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர்க் கோடு 10இலேயே நின்றால் பெட்ரோல் சுத்தம். எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கோட்டை மேலே தூக்கும். இ10 என்றால் 17, 18 வரை ஏறும். 11ஐத் தொட்டாலே அந்தக் கேன் விமானத்துக்கு வேண்டாம். இரண்டு நிமிடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நுரை நின்று கோடு கலங்கலாகத் தெரியும்.

இதே வித்தையைப் பெரிதாக்கி, இ10இல் தண்ணீர் ஊற்றி எத்தனாலைக் கழுவி எடுத்துவிடலாமே என்று யோசிப்பவர்கள் எப்போதும் உண்டு. எத்தனால் தூக்கிக் கொடுத்த ஆக்டேனும் அதோடு போய்விடும். 87 என்பது 84 பக்கம் இறங்கி, எஸ்.டி.சி. அளவுக்குக் கீழே போகும். எத்தனாலும் பெட்ரோல் வாடையும் சேர்ந்த கழுவு தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது வேறு பிரச்சினை. வேண்டாம்.

டேங்கில் ஊற்றும்போது உலோகக் கேன், உலோகப் புனல், விமானத்தின் எக்ஸாஸ்ட் குழாய் மூன்றையும் கிளிப் வயரால் இணைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்பே இணைப்பு. பிளாஸ்டிக் புனலில் தோல் துணி கட்டி வடிப்பது பழைய பழக்கம்; உராய்வில் மின்சாரம் சேரும் என்பதால் விட்டுவிடுவது நல்லது. ஹேங்கருக்கு வெளியே செய்யுங்கள். மத்திய அரசின் நிதி வாங்கிய விமான நிலையம், சொந்த விமானத்துக்குச் சொந்தக்காரரே பெட்ரோல் ஊற்றுவதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் தீயணைப்பான், இடம், அளவு என்று நியாயமான விதி போடலாம். முன்கூட்டியே கேட்டு வைத்தால் ஓடுபாதை ஓரத்தில் வாக்குவாதம் வராது.

பருவமும் முக்கியம். ஏவ்கேஸின் ஆவியழுத்தம் 5.5 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை ஆண்டு முழுவதும் மாறாது. கார் பெட்ரோல் கோடையில் 9 அளவில் இருக்கும். குளிர்காலத்தில் கார் எளிதில் கிளம்ப 15 வரை ஏற்றுவார்கள். ஜனவரியில் வாங்கிய கேனை ஏப்ரலில் திடீரென்று வெயிலடிக்கும் நாளில் ஊற்றினால், எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே கொதித்து வேப்பர் லாக் ஆகும், அதாவது ஆவி அடைத்துப் பெட்ரோல் வராது. சீக்கிரம் ஆவியாவதால் கார்புரேட்டரில் பனியும் முன்னதாகவே கட்டும்; கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை ஏவ்கேஸில் இழுப்பதைவிடத் தாராளமாக இழுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகும் விமானத்தில் மோகேஸ் பிசுபிசுத்துவிடும் என்பதால், கடைசி டேங்கை 100எல்எல்லாக வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் எந்த விகிதத்திலும் கலக்கலாம். ஓவர்ஹால் முடிந்து வந்த எஞ்சினுக்கும் முதல் சில பத்து மணிநேரம் ஏவ்கேஸ்தான்.

சோதனையில் தேறாத கேனைக் காரில் ஊற்றிவிடலாம். குழாயில் இருக்கும் அந்த 100 மில்லியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், அதில் தண்ணீர் இருக்கிறது. தனிப் பாட்டிலில் சேர்த்து வைத்து, ஊரின் ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.