செகிரோ: பின்வாங்காமல் ஆடப் பழகுவது

ஜூன் 4
செகிரோ, ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2019-இல் வெளியான வாள்சண்டை வீடியோ கேம். இதில் ஈஸி மோட் கிடையாது. லெவல் ஏற்றிக்கொண்டு வந்து பாஸை (பெரிய எதிரியை) நசுக்கவும் வழியில்லை. அதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் கேமை ஆடிக் கை பழகியவர்கள்தான் அதிகம் திணறுவார்கள். உருண்டு தப்பிக்கும் பழக்கத்துக்கு இங்கே மதிப்பு குறைவு. எதிரிக்கு உயிர் தவிர போஸ்சர் என்று இன்னொரு பட்டை உண்டு. நாம் வெட்டவும் அவன் வெட்டைத் தட்டிவிடவும் அது ஏறும்; நிரம்பினால் ஒரே குத்தில் ஆள் காலி. தள்ளி நின்று மூச்சு வாங்கினால் நிரப்பியதெல்லாம் வடிந்துவிடும்.

ஜூன் 6
பாழடைந்த கோயிலில் நிற்கும் ஹன்பெய் சாகாதவன். அடித்துப் பழகத் தோதான ஆள். அவனிடம் டிஃப்ளெக்ட் (வெட்டைத் தட்டிவிடுவது) மட்டும் பழகினால் போதும்: வாள் படப்போகும் கணத்தில் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எல்1 (தடுப்புப் பொத்தான்), ஒரு வெட்டுக்கு ஒரு தட்டு. படபடவென்று தட்டினால் டிஃப்ளெக்ட் விழும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். கண்ணைவிடக் காது உதவும். சரியாக விழுந்தால் கணீர், வெறும் தடுப்பென்றால் மொத்தைச் சத்தம். சற்று இடைவெளி கிடைத்தால் எல்1-ஐ அழுத்தியே வையுங்கள், நமக்கும் இருக்கும் போஸ்சர் பட்டை சீக்கிரம் இறங்கும்.

ஜூன் 9
எதிரி தாக்கும்முன் சிவப்பு எழுத்து மின்னினால் சாதாரணத் தடுப்பு எடுபடாது. எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் ஆயுதத்தைப் பார்க்க வேண்டும். காலை வாரும் வீச்சு என்றால் குதித்து, அப்படியே அவன் தலைமேல் இன்னொரு தாவல். பிடிக்க வந்தால் விலகி ஓட்டம். குத்து என்றால் மிகிரி என்ற எதிர்வித்தை: ஸ்டிக்கை எதிரி பக்கம் தள்ளி வட்டப் பொத்தான். பயத்தில் பின்னால் இழுத்தால் மிகிரி விழாது, ஈட்டிதான் விழும். ஸ்கில் பாயின்ட் கிடைத்ததும் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

ஜூன் 10
செத்தால் கையிலிருக்கும் சென்னில் (கேமுக்குள் புழங்கும் காசு) பாதி போகும். பாஸிடம் போகுமுன் காசுப்பையாக மாற்றிவிடுங்கள்.

ஜூன் 13
குதிரையில் வரும் பாஸ் கியோபு. அவன் குதிரை வெடிக்கு மிரளும். பட்டாசு 500 சென். வாங்கி, பாழடைந்த கோயிலில் இருக்கும் சிற்பியிடம் கொடுத்தால் நம் செயற்கைக் கையில் பொருத்தித் தருவார். கியோபு தூரம் போனதும் அவன்மேல் பச்சைக் குறி தெரியும். கொக்கியை வீசி மேலேயே போய் விழலாம்.

ஜூன் 17
அடுத்த பாஸ் ஜெனிசிரோ. எதிரியின் உயிர் குறையக் குறைய போஸ்சர் மெதுவாகத்தான் ஆறும் என்ற கணக்கு இங்கே பளிச்சென்று புரியும்: முதலில் வெட்டு, பாதி இறங்கியபின் டிஃப்ளெக்ட் மழை. கடைசிக் கட்டத்தில் மின்னல் வந்தால் குதித்து அந்தரத்தில் வாங்கி, கால் தரையில் படுமுன் ஆர்1 (வெட்டும் பொத்தான்). மின்னல் அவனுக்கே திரும்பும், விறைத்து நிற்பான். அந்த நேரத்தில் உயிர் ஏற்றும் குடுவையைக் குடிக்காதீர்கள், வெட்டுங்கள்.