பாத்ரூம் ஜன்னல் கண்ணாடியில் ஒரு பூட்டு

போன வாரம் ஏற்காட்டில் மாமா வீட்டு பாத்ரூமுக்கு ஜன்னல் கண்ணாடி மாற்றினார்கள். மிஞ்சிய சொரசொரப்புக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "எதிர்ல இருந்த சில்வர் ஓக் மரம் எங்க மாப்ளே போச்சு?" என்றார் மாமா. எங்கேயும் போகவில்லை, கலைந்துதான் கிடக்கிறது, கலைத்தது எப்படி என்று தெரிந்தால் திரும்ப அடுக்கிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே காபி போட எழுந்து போய்விட்டார், நீங்களாவது இருங்கள்.

1995-ல் ரெஃப்ரெஜியே, ஜாவிதி என்ற இரண்டு ஒளியியல் ஆய்வாளர்கள் படத்தை ஒளியாலேயே பூட்ட முன்வைத்த வழி கிட்டத்தட்ட இதுதான். படத்தின் மேல் ஒரு கண்ணாடி முகமூடி. அது ஒளியை மறைக்காது, இடத்துக்கு இடம் அலையைத் தாறுமாறாக முன்பின் தள்ளிவிடும், அதாவது கட்டத்தை மாற்றும். அப்புறம் ஒரு லென்ஸ். லென்ஸின் குவியத்தில் படத்தின் ஃபூரியர் உருமாற்றம், அதாவது படத்தை அலைகளாகப் பிரித்துப் போட்ட வடிவம், தானாகவே விழும், கணக்குப் போட கம்ப்யூட்டரே வேண்டாம் (எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்காத இடம் இது). அங்கே இரண்டாவது முகமூடி, பிறகு இன்னொரு லென்ஸ். கடைசியில் வருவது கேபிள் பிடுங்கிய டிவி மாதிரி வெறும் புள்ளி இரைச்சல். சாதாரண கேமரா ஒளிச்செறிவை மட்டும்தான் பிடிக்கும், கட்டம் தொலைந்துவிடும், அதனால் இந்த இரைச்சலை, கட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஹோலோகிராமாகப் பதிய வேண்டும்.

திறப்பதற்கு இரண்டாவது முகமூடியின் எதிர்க்கட்டப் பிரதி (அது முன்னே தள்ளியதைப் பின்னே தள்ளுவது) போதும், முதலாவது தேவையே இல்லை, ஏனென்றால் அதன் வேலை கட்டத்தில்தான், கடைசியில் பார்க்கும் கேமராவுக்கோ கட்டம் தெரியாது. "அப்ப அது தண்டமா?" என்றார் டம்ளரோடு வந்த மாமா. இல்லை. அது இல்லாவிட்டால் இரைச்சல் முழுசாகக் கலங்காது, படத்தின் சாயல் எங்கேயாவது எட்டிப் பார்க்கும்.

இதற்கு முந்தின வருடமே ஜாவிதியும் ஹார்னரும் அடையாள அட்டையில் இப்படி ஒரு முகமூடியை ஒட்டிவைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஜெராக்ஸ் எடுத்தாலும் வராது. கருவியில் வைத்து மூல முகமூடியோடு ஒப்பிட்டால், அசலுக்குக் கூர்மையாக ஒரு ஒளிப்புள்ளி எழும்பும், போலிக்கு எழும்பாது. எனக்கு இதுதான் இன்னும் பிடித்தது, படம் என்ன என்று யாருக்கும் காட்டாமலே அசலா போலியா என்று சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்த 1995 பூட்டில் பெரிய ஓட்டை உண்டு. எல்லாம் நேரியல் கணக்கு, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தருவதைக் கூட்டினால் வெளியே வருவது கிடைத்துவிடும். பூட்டுகிற கருவி எதிரி கையில் கிடைத்தால், படத்துக்குப் பதில் ஒரே ஒரு ஒளிப்புள்ளியை உள்ளே அனுப்புவான். வெளியே வரும் இரைச்சலுக்கு ஃபூரியர் உருமாற்றம் போட்டால் இரண்டாவது முகமூடி, அதாவது சாவியே, அப்படியே கைக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் இந்த மாதிரி தாக்குதல்கள் வரிசையாக வந்துவிட்டன.

சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம், மாமா அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டார். கீழே சேலத்து விளக்குகள். ஒரு கண்ணை மூடி, தனியாக நின்ற ஒரு விளக்கைக் கண்ணாடி வழியே பார்த்து, "சாவி தெரியுதா?" என்றார். லேசர் வேண்டும் மாமா என்று சொல்வதற்குள் மேகம் இறங்கி சேலமே காணாமல் போனது. "இத எப்படித் திறப்ப?"

பனி நொடிக்கு நொடி நகர்கிறதே, பூட்டிய சாவி அடுத்த நொடியில் இருக்காது என்றேன். "போடா" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார், இனி 20 கொண்டை ஊசி வளைவையும் இந்தப் பனியில்தான் இறங்கி நான் சேலம் போக வேண்டும்.