140 செ.மீ. கோட்டுக்கு இந்தப் பக்கம்

பெங்களூர் பக்கம் பிடதியில் இருக்கிற வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவில் பெரிய ரைடுகளின் வாசலில் உயரம் பார்க்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எங்கள் சின்னவன் அதன் அடியில் போய் நின்று, குதிகாலைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக் கழுத்தை நீட்டினான். அப்படியும் அவன் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. அங்கே நின்ற ஊழியர் சிரித்துக்கொண்டே, முத்தே, அதாவது களி, சாப்பிட்டு வளர்ந்து வா என்கிற மாதிரி கன்னடத்தில் ஏதோ சொன்னார். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த அளவு கன்னடம் புரிந்துவிடும். "நான் தினமும் களிதானே சாப்பிடறேன்" என்று சின்னவன் என்னிடம் முறையிட்டான். பொய். வாரத்தில் ஒரு நாள் களி, அதற்கும் அழுகை.

அதே கோட்டில் அவன் அக்கா 141. உள்ளே ஓடிவிட்டாள். அவளுக்கு அது பெருமை, எனக்குச் செலவு. அங்கே டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், தாண்டினால் முழு டிக்கெட். டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் "இன்னும் அஞ்சு முடியலைங்க" என்று சொல்லிப் பழகிய குடும்பத்துக்கு இது பெரிய அடி.

ஏப்ரல் வந்தால் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "லீவுக்கு எந்த பார்க் நல்லா இருக்கும்?" நான்கைந்து வருடமாக வருடம் ஒன்று என்று சுற்றியிருக்கிறோம், அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். எத்தனை ரைடு, எது உயரம் என்று ஆரம்பத்தில் நானும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நான் பார்ப்பது வேறு. ரைடில் ஏறாதவர்கள் அங்கே எங்கே உட்காருவார்கள்?

இது எனக்குப் புரிந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பகல் பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்ததும் நாங்கள் நால்வரும் தண்ணீருக்கு ஓட, அம்மா லாக்கர் பக்கத்தில் ஓர் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு வயது 67, மூட்டு வலி. மேலே கூரை இல்லை, சுற்றிலும் மரம் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எங்கள் செருப்பு, செல்போன், கண்ணாடி, துண்டு எல்லாம் அவர் மடியில். நான்கு மணிக்கு நாங்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தபோதும் அதே இடம். பெஞ்சின் நிழல் நகர நகர அவர் மட்டும் காலை மடக்கி மடக்கி நகர்ந்திருக்கிறார். வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "அடுத்த தடவை என்னை வீட்லயே விட்டுட்டுப் போங்கடா" என்றார்.

சரி, இனி ஊர் கணக்குக்கு வருகிறேன். எங்கள் குடும்பம் எங்கே போக வேண்டும் என்றாலும் மாவட்டத்தைத் தாண்டியாக வேண்டும். வசதி என்னவென்றால், கிருஷ்ணகிரி சாலைகள் கூடுகிற ஊர். பெங்களூர் 90 கிலோமீட்டர், பிடதி சுமார் 120, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்கு 260 போல, மைசூருக்கு 230, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஆக மொத்தம் நமக்குப் பக்கத்துப் பூங்கா அடுத்த மாநிலத்தில் இருக்கிறது.

நான் வளர்ந்த காலத்தில் பூங்கா என்றால் மாங்கனி கண்காட்சிதான். மாம்பழம் பார்க்க யார் போனார்கள்? ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம். பிறகு பள்ளிச் சுற்றுலாவில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவுக்கு அழைத்துப் போனார்கள். 1995இல் திறந்த பூங்கா அது. இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பித்தது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான், சட்டை காய்வதற்குள் பஸ்ஸைக் கிளப்பிவிட்டார்கள். அதே சுற்றுலாவில் விஜிபியும். வாசலில் ஆடாமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க எங்கள் வகுப்பே முயன்று தோற்றது. தமிழ்நாட்டில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தத் தோல்வி அவர் கணக்கிலும் இருக்கும்.

நான் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவன். ஜூன் பிறந்தால் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக இறங்கும், ஆகஸ்ட் வரை லீவு என்ற வார்த்தையே கிடையாது. ஆகவே எங்கள் பயணமெல்லாம் மே மாதத்தில். மே மாதம் என்றால் ஊரே கிளம்பும் மாதம். இதற்கு ஒரு வழி இருக்கிறது, எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு மட்டும் வாய்த்தது. கர்நாடகத்தில் பள்ளிக்கூடங்களை மே கடைசியிலேயே திறந்துவிடுகிறார்கள். நமக்கு ஜூனில்தான், வெயில் அதிகமென்றால் இன்னும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் ஒரு வார நாளைப் பிடித்தால் போதும். போன வருடம் மே கடைசி வியாழக்கிழமை பிடதிக்குப் போனது இந்தக் கணக்கில்தான். ரீகாயில் என்கிற ரோலர் கோஸ்டரில் மகள் இரண்டு தடவை ஏறினாள். முன்பக்கமாகப் போய்த் தலைகீழாகச் சுற்றி, அதே பாதையில் பின்பக்கமாகவே திரும்பி வரும் வண்டி அது. அவளோடு போன என் மனைவி ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு, இறங்கி வந்து அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஓசூர் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் ரோட்டில் ஏறிவிட்டால் பெங்களூர் நெரிசலைத் தொடாமலே மைசூர் சாலைக்குப் போய்விடலாம். சுங்கம் தனி, ஆனாலும் கொடுக்கலாம். இரு சக்கர வாகனத்தில் போக நினைக்கும் தம்பிகள் கவனிக்க: பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். காரில் போகிறவர்களும் பிடதிக்கு வெளியேறும் இடத்தைத் தவறவிடாதீர்கள், தவறினால் ராமநகரம் பக்கம் போய்த்தான் திரும்ப வேண்டும்.

பூங்காவுக்கு முன்னால் தட்டே இட்லி. பிடதிக்கே அதுதான் பெயர். சின்னத் தட்டு அகலத்துக்கு, பஞ்சு போல, மேலே ஒரு கட்டி வெண்ணெய். வெண்ணெய் உருகி இட்லிக்குள் இறங்குகிற வரை காத்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுக்க, சின்னவன் காத்திருக்கவில்லை. உள்ளே வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் பெரியவர்கள் ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டுக்கொண்டோம்.

பிடதி பூங்காவுக்கு 82 ஏக்கர், 2005இல் திறந்தார்கள். நடத்துகிறவர்கள் 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஆரம்பித்தவர்கள். வீட்டில் ஸ்டெபிலைசர் மேலே பார்க்கிற வி-கார்ட் பெயர்தான் அந்த 'வீ'. எங்கள் வீட்டுக்கு முக்கியம் என்னவென்றால், அலைக் குளத்துக்கு எதிரில் நிழலில் அம்மாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நைலான் மாதிரித் துணிதான். புடவைக்காரர்கள் கரையில்தான் என்று முன்பே தெரியும். கரையில் உட்கார்ந்து அவர் சலிக்காமல் வேடிக்கை பார்த்தார். அலை வருவதற்கு முன் நூறு பேர் ஒரே குரலில் கத்துவதையும், வந்ததும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வதையும் பார்த்து, "மாரியம்மன் பண்டிகைல தீ மிதிக்கறப்ப கத்துற மாதிரியே இருக்கு" என்றார். ரெயின் டிஸ்கோவில் வெதுவெதுப்பான தண்ணீர் மேலிருந்து கொட்ட, பாட்டுக்குச் சின்னவன் ஆடினான். அங்கே உயரம் யாரும் கேட்கவில்லை. கோட்டில் பட்ட அவமானம் அதோடு போனது.

செலவு? ஐந்து பேருக்கு டிக்கெட், சுங்கம், டீசல், மதியச் சாப்பாடு, மகளுக்கு ஒரு தொப்பி எல்லாம் சேர்த்து ஐந்து இலக்கம். டிக்கெட்டில் ஜிஎஸ்டியும் அடக்கம். 2017இல் 28 சதவீதம் போட்டு, 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். குறைத்ததும் டிக்கெட் விலை குறைந்ததா என்று கணக்கு எழுதுகிறவனாக நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. மூத்த குடிமக்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆதார் கையில் இருக்கட்டும்.

மைசூர் ஜிஆர்எஸ் பேண்டசி பார்க் அளவில் சின்னது. எனக்கு அது குறையாகப் படவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை. அதோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரண்மனைக்கு விளக்குப் போடுவார்கள். அந்த ஒரு நொடிக்காக அம்மா மூட்டு வலியை மறந்து நின்றார். ஆனால் 230 கிலோமீட்டர் போய் ஒரே நாளில் திரும்ப முடியாது, தங்கியாக வேண்டும். பிளாக் தண்டருக்கு மலையடிவார அழகு உண்டு. ஊட்டிக்குப் போகிற வழியில் ஒரு நாள் ஒதுக்கினால் சரி, அதற்கென்றே இங்கிருந்து கிளம்புவது கொஞ்சம் அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம் என்று வரிசையாக இருக்கின்றன, கடலும் இலவசம். அம்மாவுக்குப் பிடித்தது 2019இல் விஜிபிக்காரர்கள் திறந்த மெரைன் கிங்டம். கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நாம் நடக்க, தலைக்கு மேலே மீன் போகும். ஏறவும் வேண்டாம், நனையவும் வேண்டாம். திருக்கை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு போனபோது, "இதுக்கு மூஞ்சி அடியிலயாடா இருக்கு?" என்று கேட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

இத்தனை போட்டியிலும் எங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்கிற இன்னொரு பூங்கா ஒகேனக்கல். சிரிக்காதீர்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். அங்கேயும் திறப்பு, மூடல் எல்லாம் உண்டு, அறிவிப்பது காவிரி நீர்வரத்தை அளக்கிற பிலிகுண்டுலு. பேப்பரில் அங்கே பதிவான நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி என்று பார்ப்போம். ஏறினால் குளிக்கத் தடை, இன்னும் ஏறினால் பரிசலும் நிற்கும். பூங்காவின் இணையதளத்தைவிட எங்களுக்கு இந்த ஒரு வரிதான் நம்பிக்கை.

ஒகேனக்கல்லில் அம்மா கரையில் உட்காருகிறவர் இல்லை. போனதும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பேத்தியை இழுத்துக்கொண்டு போவார். எங்களை மீன் கடைக்கு அனுப்புவார். மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தர அங்கே பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, மிளகாய்த்தூள் போதுமா, புளி எந்த ஊர்ப் புளி என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். அப்புறம் பரிசல். மூங்கில் பின்னல், அடியில் தண்ணீர் புகாத விரிப்பு, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது பரிசல்காரர் துடுப்பை ஓர் ஓரத்தில் ஊன்றி வட்டமாகச் சுழற்றினார். மேலே வானம் சுற்றியது. ரீகாயிலில் கண்ணைத் திறந்து வைத்திருந்த மகள் இங்கே மூடிக்கொண்டாள். சின்னவனும் அம்மாவும், "இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து" என்று ஒன்றாகக் கத்தினார்கள்.

இந்த வருடம் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்துவிட்டார்கள், அவர்களுக்கு இது ஐந்தாவது. மகள் வீடியோ வீடியோவாகப் பார்த்து முடித்துவிட்டாள். தூரம் இரண்டு மடங்கு என்று நான் சொன்னேன், காதில் வாங்கவில்லை. சின்னவன் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு ஞாயிறுதோறும் அளக்கிறான். கடைசிக் கோடு 118. அக்காவின் 140 எங்கே என்று தெரிவதற்காக அதையும் மேலே ஒரு கோடாகப் போட்டு வைத்திருக்கிறான். ஸ்டூல் போட்டு ஏறிப் போட்ட கோடு.

போன வாரம் மகள் அந்த வீடியோக்களை அம்மாவுக்கும் காட்டினாள். ரோலர் கோஸ்டர் தலைகீழாகச் சுற்றுகிறது, ஜனங்கள் அலறுகிறார்கள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் ஓரத்தைத் தேடினார்.

"மரம் எதுவும் வெச்சிருக்காங்களா, நல்லாப் பாரு."