நயினை அம்மனுக்கு நீலகிரியிலிருந்து ஒரு நேர்த்திக்கடன்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயன் வீடுகளில் பல குடும்பங்களுக்குத் தீராத கடன் ஒன்று உண்டு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பாட்டிமார், அங்கே மலையகத்தில் இருந்தபோதே யாழ்ப்பாணத்துக் கடலிலுள்ள நயினாதீவின் நாகபூஷணி அம்மனுக்கு நேர்ந்துகொண்டது. பிள்ளை பிறந்தது, நாகேஸ்வரி என்று பெயரும் வைத்தாயிற்று. கடன் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

இப்போது வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. கடலில் சுமார் 4 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கப்பல் உண்டா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மலையிறங்குங்கள். அன்றைக்கே தீவுக்கு ஓடப் பார்க்காமல் யாழ்ப்பாணத்தில் தங்கி, காலை முதல் பஸ்ஸில், தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் போவதே சரி. "பஸ் போயிட்டுது" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நம்பவேண்டாம், நிலையத்துக்குள் போய்க் கேளுங்கள்.

பௌர்ணமியில் போகாதீர்கள். அதே தீவிலுள்ள பௌத்தக் கோயிலான நாகவிகாரைக்குச் சிங்கள யாத்திரிகர்களும் திரள்வதால் படகுத்துறையில் நிற்கவே இடமிருக்காது. ஆனி மாதத்து 16 நாள் திருவிழாவிலும் நெரிசல்தான், ஆனால் அது அம்மனுக்காகப் பட்டுக்கொள்ள வேண்டிய நெரிசல். படகில் உட்காருவது கீழ்த்தட்டில். புழுக்கமும் டீசல் வாடையும் சேர்ந்து, குளிரில் வளர்ந்த நம் ஆட்களுக்குத் தலையைச் சுற்றும். வாசலோரமாக உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள். கடல் கால் மணி நேரம்தான், சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடித்தால் அதுவே நீளும். கோயிலுக்கும் விகாரைக்கும் இறங்குதுறை வேறு வேறு. ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும். வேட்டி துண்டோடு போனால் வாசலில் தடுமாற வேண்டியதில்லை.

உள்ளே ஐந்தலை நாகம் குடைபிடிக்க அவள். பக்கத்துப் புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் வாயில் பூவோடு கடலை நீந்தி வந்து பூசித்ததாகக் கதை சொல்லும் அம்மன் இவள். கருடன் வழிமறித்தும் அந்தப் பூவை வாங்கிக்கொண்டவளுக்கு, நீலகிரியிலிருந்து வருகிறவர் எம்மாத்திரம்? தீபம் உயரும்போது கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகும், வரிசையில் பின்னால் தள்ளுகிறவர்களும் மறந்துபோவார்கள். கேட்டதைப் பாட்டிக்கு அப்போதே கொடுத்துவிட்டாள். நாம்தான் இரண்டு தலைமுறை தாமதம், அதற்கு வட்டி கேட்காத தாய்! 1620இல் பறங்கியர் (போர்த்துக்கீசியர்) கோயிலை இடித்தார்கள், 1958இலும் 1986இலும் மறுபடி தாக்குதலுக்கும் தீக்கும் இரையானது. அத்தனைக்குப் பிறகும் நமக்காக அங்கேயே இருந்தாளே, அம்மா!

மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. சாப்பிடாமல் வராதீர்கள். அர்ச்சனையை உங்கள் பெயருக்குச் செய்தாலும், அன்னதானக் காணிக்கையை நேர்ந்துகொண்ட பாட்டியின் பெயரில் கட்டிவிட்டுப் படகேறுங்கள்.