யாரைப் படிக்கலாம் என்று கேட்டால்

"சார், டெக்னாலஜி பத்தி எழுதுறவங்கள்ல யாரைப் படிக்கலாம்?" சர்வர் அணிக்குப் புதிதாக வந்த பெண் கேட்டார். "உங்களுக்கு எதுல ஆர்வம்?" என்று திருப்பிக் கேட்டேன். "அது தெரியாமத்தானே சார் கேட்கிறேன்" என்றார். "அப்போ முதல்ல அதைக் கண்டுபிடிங்க, எழுத்தாளர் தானா கிடைப்பார்" என்று சொல்லிவிட்டு மீட்டிங்கிற்குப் போய்விட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அவர் அதை மறந்தே போயிருப்பார். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் பட்டியலை நீட்டியிருந்தால் அது என் ஆர்வத்தின் பட்டியலாக இருந்திருக்கும். நான் கணினிப் பாதுகாப்பு பற்றி எழுதும் ப்ரூஸ் ஷ்னையரை விடாமல் படிப்பவன். 1998 முதல் மாதாமாதம் மின்மடல் எழுதி வருகிறார். 1990களில் குறியாக்கக் கணிதத்தின் மீது, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் கணிதத்தின் மீது, பெரிய நம்பிக்கை வைத்து எழுதியவர், 2000இல் வெளிவந்த புத்தகத்தின் முன்னுரையில் அந்த நம்பிக்கை தவறு என்று அவரே சொன்னார். கணிதம் சரியாக இருந்தாலும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு உடையும் என்பதுதான் அவர் வாதம். தன் பழைய கருத்தைத் தானே வெட்டி எழுதுகிறவரை நம்பலாம் என்பது என் கணக்கு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் ஒருவர் ஏன் பொருட்படுத்த வேண்டும்? அப்போது அவருக்கு வேண்டியது, சர்வர் ஏன் தொங்குகிறது என்று சொல்லித் தரும் ஆள்.

அப்படிப்பட்ட ஒருவரை அந்தப் பெண் தானாகவே பிடித்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் மேசையில் ஜூலியா எவன்ஸின் சிறு பிரசுரங்களை அச்செடுத்து வைத்திருந்தார். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிகளையும் நெட்வொர்க்கையும் கையால் வரைந்த கட்டங்களில் விளக்குகிற பிரசுரங்கள். "பொம்மைப் புத்தகமா?" என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் இரவில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒரு புரோகிராம் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்பதை ஸ்ட்ரேஸ் என்ற கருவி வைத்துக் கவனிக்கும் வழி அதில் இருந்தது. நான் வருஷக்கணக்கில் செய்கிற வேலைதான், ஆனால் இத்தனை எளிதாக யாருக்கும் விளக்கியதில்லை.

ஆக, நான் சொன்னது பலித்துவிட்டதா? அப்படியும் சொல்ல முடியவில்லை. ஆர்வத்தை முதலில் கண்டுபிடித்து, அதற்குப் பொருத்தமான எழுத்தாளரைத் தேடி அவர் போகவில்லை. எழுத்தாளர் முதலில் மாட்டினார், ஆர்வம் பின்னால் வந்தது. நான் சொன்ன வரிசை தலைகீழ்.

பிரையன் கிரெப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இணையக் குற்றங்களைத் தோண்டி எழுதுவதில் பெயர் வாங்கியவர். கல்லூரியில் படித்தது கணினி அல்ல, சர்வதேசவியல். 2001இல் அவர் வீட்டுக் கணினிகளுக்குள் ஒரு வார்ம், அதாவது தானாகப் பரவும் தீய நிரல், புகுந்து அவரையே வெளியே தள்ளிப் பூட்டியது, அதிலிருந்துதான் இந்தப் பக்கம் திரும்பினார். எழுதுகிறவருக்கே ஆர்வம் இப்படி வந்திருக்கும்போது, படிக்கிறவர் அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் யாராவது ஒரு பெயரைக் கொடுத்திருந்தால் அந்தச் சித்திரப் பிரசுரங்கள் அவர் கண்ணில் பட்டிருக்குமா? என்னிடம் பதில் இல்லை.

இப்போது யார் கேட்டாலும் ஒரு பரீட்சை வைக்கிறேன். 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவிக்குள் யாரோ பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்திருந்தது வெளியே வந்ததே, அதைப் பற்றி மூன்று பேர் எழுதியதைப் படியுங்கள் என்பேன். ஒருவர் அந்த நிரல் எப்படி ஒளிந்திருந்தது என்று பிரித்துக் காட்டுவார். இன்னொருவர், சம்பளமில்லாமல் தனியாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த மனிதரிடம் எப்படிப் படிப்படியாக நம்பிக்கை சம்பாதித்தார்கள் என்பதைச் சொல்வார். மூன்றாமவர் நாடுகள், உளவு என்று போவார். கடைசி வரி வரை எதைப் படித்தீர்களோ, அதுதான் உங்கள் ஆள்.

நல்ல பரீட்சை என்று எனக்கே ஒரு பெருமை. ஓட்டையும் தெரியாமல் இல்லை. கடைசி வரை படிக்க வைப்பது நம் ஆர்வமா, எழுதியவரின் கைத்திறனா? சுவாரசியமாக எழுதத் தெரிந்தவர் விஷயமே இல்லாமலும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

போன முறை இந்தப் பரீட்சை எழுதிய பையன் மூன்றையும் பாதியிலேயே விட்டுவிட்டான். "எதுவும் ஒட்டலை சார்" என்றான். சரி, அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டே எழுதிய அறிவிப்பைப் படி என்று அனுப்பினேன். படித்துவிட்டு வந்து, "ஒரு லாகின் அரை நொடி தாமதமாச்சுன்னு ஒரு மனுஷன் எப்படி சார் கவனிப்பான்?" என்று கேட்டான். அவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர், அந்த நேரத்தில் வேக அளவீடுகள் எடுத்துக்கொண்டிருந்தார், இயந்திரம் சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் எதற்கு சிபியுவைத் தின்கிறது என்று பார்த்தார் என்றேன். பையனுக்குக் கண் விரிந்தது. பாதுகாப்பு இல்லை, இவனுக்கு வேகம்தான் விஷயம் என்று புரிந்தது. இந்த முறை தயங்காமல் பிரெண்டன் கிரெக் பெயரைச் சொன்னேன். சிபியு நேரம் எங்கே போகிறது என்று ஒரே படத்தில் காட்டும் ஃபிளேம் கிராஃபை 2011இல் உருவாக்கியவர்.

பையன் இப்போது அவரைக் கரைத்துக் குடித்துவிட்டான். கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்கிறான். அவரைத் தாண்டி வேறு யாரையும் இதுவரை திறக்கவில்லை.