சுவரில் 156.5 மீட்டர்: ‘ஸ்டில் லைஃப்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்ட அனுபவம்

சீன இயக்குநர் ஜியா ஜாங்கேயின் ‘ஸ்டில் லைஃப்’ 2006இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் என்ற முதல் பரிசை வாங்கிய படம். மூன்று மலையிடுக்கு (த்ரீ கார்ஜஸ்) அணைக்காக யாங்சே ஆற்றங்கரையில் இடிக்கப்பட்டு, தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்த ஃபெங்ஜியே என்ற ஊரிலேயே, அந்த இடிபாடுகளுக்கு நடுவிலேயே எடுத்தார்கள். பதினாறு வருடம் முன்பு பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி ஷான்ஷி மாகாணத்திலிருந்து வரும் நிலக்கரித் தொழிலாளி சான்மிங். இரண்டு வருடமாக ஊர் திரும்பாத கணவனைத் தேடி வரும் செவிலியர் ஷென் ஹோங். இருவரும் படத்தில் சந்திப்பதே இல்லை. எங்கள் திரைப்பட வட்டத்தின் திரையிடலுக்காக இதற்குத் தமிழில் சப்டைட்டில் போட்டோம். இந்த மாதிரிப் படத்தில் கை வைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறோம்.

முதலில் பிரதி. உரிமையாளரிடம் எழுத்துபூர்வ அனுமதி கேட்கும்போதே, ஆங்கில எழுத்து படத்தோடு பதியாத பிரதி வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். பதிந்த பிரதி வந்துவிட்டால் தமிழை அதற்கு மேலே ஏற்ற வேண்டிவரும். அப்புறம் நான்கு வரி எழுத்து திரையின் கால்வாசியை விழுங்கிவிடும். இந்தப் படத்தில் கால்வாசியை விழுங்குவது என்றால் ஆற்றையே விழுங்குவது.

அடுத்தது ஃபிரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படச்சட்டம் ஓடுகிறது என்பது. ஓட்டிப் பார்த்து நேரம் குறித்த பிரதி 25 ஃபிரேம், திரையிடும் பிரதி 24 என்றால் பத்தாவது நிமிடத்திலேயே 24 விநாடி விலகும். இதை யாரும் கவனித்துவிடுவார்கள். ஆபத்தானது 23.976க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம். தொடக்கத்தில் கச்சிதமாக இருக்கும், 110 நிமிடத்தில் ஆறரை விநாடி தள்ளிப்போயிருக்கும். அதனால் முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்து திருப்திப்படாமல், கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

வரி நீளத்துக்கு மென்பொருளின் கணக்கை நம்ப வேண்டாம். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது நம் கண்ணுக்கு 13 எழுத்து. மென்பொருள் புள்ளியையும் கால், கொம்பு, சுழியையும் தனித்தனியே எண்ணி 24 என்கிறது. அதனால் நன்றாக வாசிக்க முடிகிற வரிக்கும், நீளம் அதிகம் என்ற சிவப்பு எச்சரிக்கை விழும். அந்தச் சிவப்புக்குப் பயந்து வெட்டினால் வசனம் தந்தி மாதிரி ஆகிவிடும். நம் எழுத்துக் கணக்கில் வரிக்கு 24 முதல் 28, அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு சொல்லே ஆனாலும் குறைந்தது ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டோம். அது சரியாக வந்தது. கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறிதான். எழுத்தைப் படத்தோடு பதிக்கும் கருவி தமிழ் எழுத்துச் சேர்க்கை தெரியாததாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ‘கொண்டு, தெரியவில்லை, கையில்’ என்று ஒரு சோதனை வரியைப் பதித்துப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இனி மொழி. அதுதான் பெரிய வேலை.

வீட்டுச் சுவர்களில் மூன்றாம் கட்ட நீர்மட்டம் 156.5 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் அணை என்றால் அடிக்கணக்குதான்: மேட்டூர் 120, பெரியாறு 142. அதனால் முதல் வரைவில் இதையும் அடியாக மாற்றினோம், 513 என்று வந்தது. அது பெரிய தவறு. மேட்டூரின் 120 அடி அணையில் நிற்கும் தண்ணீரின் கணக்கு. ஃபெங்ஜியே சுவரில் இருப்பது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். 513 அடி என்று படித்தவர், அந்த வீட்டுக்கு மேல் 513 அடித் தண்ணீர் நிற்கப்போகிறது என்று நினைப்பார். சுவர் சொல்வது அதுவல்ல, தண்ணீர் இந்தக் கோடு வரை ஏறும் என்பதுதான். கடைசியில் ‘தண்ணீர் இதுவரை வரும்: 156.5 மீ.’ என்று போட்டோம். 156.5 என்ற எண் சுவரிலேயே தெரிவதால் அதை மாற்றவும் கூடாது.

சான்மிங் கையில் இருப்பது ஒரு சிகரெட் பெட்டி அட்டை. மனைவி எழுதிக் கொடுத்த முகவரி அதில்தான் இருக்கிறது. பைக் ஓட்டுபவர் ஒருவர் அவனை ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீரைக் காட்டுகிறார், அந்தத் தெரு அங்கேதான் இருந்தது என்று. தெருப் பெயரைச் சீன ஒலியிலேயே விட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘கருங்கல் தெரு’ என்று மொழிபெயர்த்தோம். கல்லின் பெயர் கொண்ட தெரு தண்ணீருக்கடியில் கிடப்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்குகிறது.

ஊர்க்காரர்கள் சிச்சுவான் பேச்சு, சான்மிங் ஷான்ஷி பேச்சு. இந்த வேறுபாட்டைக் காட்ட ஊர்க்காரர்களுக்கு நெல்லைத் தமிழ் கொடுத்துப் பார்த்தோம். சோதனைத் திரையிடலில் எல்லோரும் தாமிரபரணிக் கரைக்கே போய்விட்டார்கள். திருப்பி எடுத்துவிட்டோம். எல்லோருக்கும் பொதுவான பேச்சுத்தமிழ்தான். சான்மிங்குக்கு மட்டும் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் கிடையாது, ஊர்க்காரர்கள் நீட்டிப் பேசுவார்கள். அது போதுமானதாக இருந்தது.

அதைவிடக் கடினம் கணவன், மனைவி பேசும் இடம். அவள் காசுக்கு வாங்கப்பட்ட மனைவி, அதனால்தான் பிரிந்தும் போனாள். சீனத்தில் அவள் சொல்வது சாதாரண முன்னிலைச் சொல். தமிழில் ‘ஏன் வந்தீங்க’ என்றால் அடங்கிய மனைவி ஆகிவிடுகிறாள், ‘ஏன் வந்தே’ என்றால் சண்டைக்காரி ஆகிவிடுகிறாள். படத்தில் அவள் இரண்டும் இல்லை. ‘இத்தனை வருஷம் கழிச்சு இப்போ வந்தது ஏன்?’ என்று தொழிற்பெயரில் எழுதியதும் மரியாதைச் சிக்கலே கழன்றுவிட்டது. தமிழில் இந்த வசதி இருப்பதை மறக்க வேண்டாம், அடிக்கடி கைகொடுக்கும்.

இப்போது, படத்தில் நடக்க முடியாதவை நடக்கும் இடங்கள். ஆற்றுக்கு மேலே ஒரு பறக்கும் தட்டு கடந்து போகிறது. சான்மிங் பார்த்த வானத்திலிருந்து ஷென் ஹோங்கின் வானத்துக்குக் கதை மாறுகிறது. அவள் துணி காயப்போடும்போது, பின்னால் நிற்கும் முடிக்கப்படாத கோபுரம் ராக்கெட்டாகக் கிளம்பி மேலே போய்விடுகிறது. இங்கே அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக இருந்த ஊர் சில ஆண்டுகளில் கைகளாலேயே உடைத்து எடுக்கப்படுவதைப் பார்த்தவருக்கு, கோபுரம் பறப்பது அதைவிடப் பெரிய அதிசயம் இல்லை. அதை உணரும் நேரத்தை அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. முந்தைய வசனத்தின் எழுத்து, அந்தக் காட்சி தொடங்கும் முன்பே திரையிலிருந்து போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாட்டுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. சியாவ் மா என்ற இளைஞனும் சான்மிங்கும் கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளும்போது சியாவ் மாவின் அழைப்பிசை ஒலிக்கிறது, பழைய ஹாங்காங் தொலைக்காட்சித் தொடரின் பாட்டு. அங்கே பாடலைத் தமிழில் கொடுத்தோம். பின்னால் சான்மிங் அவனை அழைக்கிறான். அதே பாட்டு செங்கல் குவியலுக்கு அடியிலிருந்து வருகிறது. முதல் வரைவில் அங்கேயும் வரிகள் இருந்தன. ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது தேடுவதற்குள் கண் எழுத்தைப் படித்து முடித்துவிட்டது. இரண்டாவது இடத்தில் முழுக்க எடுத்துவிட்டோம். திரையிடலன்று அரங்கில் தலைகள் அந்தச் செங்கலை நோக்கி முன்னால் சாய்ந்தன.

கடைசிக் காட்சியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கம்பியில் ஒருவன் நடக்கிறான், சான்மிங் நின்று பார்க்கிறான். வசனம் இல்லை. திரையிடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கடைசி சப்டைட்டில் போனதும் படம் முடிந்தது என்று நினைத்து விளக்கைப் போட வேண்டாம், அவன் நடந்துகொண்டிருக்கிறான்.